முன்பதிவு செய்த குரூஸில் துறைமுகம் மாறினால்: கோவை, ஈரோடு, திருப்பூர் பயணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

குரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் சுற்றுலா, டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் துறைமுகங்கள் உறுதியானவை அல்ல. காற்று, அலை, துறைமுகத்தில் இடமின்மை, எஞ்சின் கோளாறு, கப்பலில் அவசர நோயாளி, அரசு அனுமதி என எதனாலும் ஒரு துறைமுகம் விடுபடலாம், வரிசை மாறலாம், வேறொன்று வந்து சேரலாம். கொங்குப் பகுதியிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள் கூடுதல். நமக்குக் கடல் கிடையாது. எந்தக் கப்பலில் ஏறுவதானாலும் முதலில் ஒரு ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டும். கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். புதிதாக வரும் துறைமுகத்துக்கு விசா இருக்கிறதா என்ற கேள்வி உடனே எழும்.

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஆறும் கப்பல் ஏறும் முன் முடிக்க வேண்டியவை. அறிவிப்பு வந்த பிறகு முதல் ஆறுக்குத் திரும்பிப் போக முடியாது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

1. பணம் கட்டும் முன் ஒவ்வொரு துறைமுகத்தையும் தனியாக எடைபோடுங்கள்

ஒரு தாளில் துறைமுகங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு விவரம் குறியுங்கள்: கப்பல் கரையில் அணைகிறதா அல்லது நடுக்கடலில் நின்று படகில் இறக்குகிறதா, துறைமுகத்திலிருந்து நகரம் எவ்வளவு தூரம், அந்த மாதத்துக் காற்று எப்படி, நிற்கும் நேரம் எத்தனை மணி.

படகில் இறக்கும் துறைமுகம்தான் முதலில் விடுபடும். இதை டெண்டர் துறைமுகம் என்பார்கள். கிரீஸின் சாண்டோரினி அப்படி. லட்சத்தீவிலும் கப்பல் வெளியே நின்று படகில்தான் ஆளை இறக்கும். கப்பல் அசையாமல் நின்றாலும், படகு மேலும் கீழும் ஏறி இறங்கினால் வயதானவர்களையும் குழந்தைகளையும் அதில் ஏற்ற முடியாது. அதனால் வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளிலும் கேப்டன் நிறுத்திவிடுவார். வானம் தெளிவாக இருக்கிறதே என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. அவர் பார்ப்பது வானத்தையல்ல, அலையை.

கரையில் அணையும் துறைமுகத்திலும் பக்கக் காற்று பெரிய தடை. 300 மீட்டர் நீளமும் பத்துப் பதினைந்து மாடி உயரமும் உள்ள கப்பலின் பக்கவாட்டு முழுவதும் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். காற்று மணிக்கு 50 கி.மீ.யை நெருங்கினால், குறுகிய துறைமுக வாயிலில் பல கேப்டன்கள் நுழைய மாட்டார்கள்.

மாதத்தைக் கணிக்க நமக்குத் தெரிந்த அளவுகோலே போதும். உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழலும் ஆனி, ஆடி மாதங்களில் அதே தென்மேற்குக் காற்றுதான் அரபிக்கடலையும் அந்தமான் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் மேற்குப் பார்த்த பத்தோங் கரையில் படகு இறக்குவது அந்த மாதங்களில் நிச்சயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலிருந்து கிளம்பும் பயணம் வங்கக்கடலின் புயல் காலத்தில் விழும். தீபாவளி விடுமுறையை ஒட்டிப் பதிவு செய்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கிரேக்கத் தீவுகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று உண்டு. கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

தூரத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் பாங்காக் என்று இருக்கும். பெரிய கப்பல் நிற்பது லேம் சபாங்கில், அங்கிருந்து சாலையில் இரண்டு மணி நேரம் ஆகலாம். ரோம் என்றால் சிவிட்டாவெக்கியா, ஏறக்குறைய 70 கி.மீ. 2021 ஆகஸ்டில் வெனிஸின் நடுக் கால்வாயில் பெரிய கப்பல்களுக்குத் தடை வந்த பிறகு, வெனிஸ் என்று போட்ட பல பயணங்கள் ரவென்னாவுக்கும் த்ரியெஸ்துக்கும் மாறின. கோவைக்கு டிக்கெட் எடுத்தவரைச் சேலத்தில் இறக்கிவிடுகிற தூரம் அது.

தாள் நிரம்பியதும் ஒரு கேள்வி: எந்த ஒரு துறைமுகம் விடுபட்டால் இந்தப் பயணமே வீண் என்று தோன்றும்? அப்படி ஒன்று இருந்து, அது டெண்டர் துறைமுகமாகவும் இருந்தால், குரூஸில் போகாதீர்கள். அந்த ஊருக்கு விமானத்தில் போங்கள். பரவாயில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பதிவு செய்கிறவர்கள்தான் பிறகு அதிகம் மனமுடைகிறார்கள்.

2. ஒப்பந்தத்தைப் படித்து, ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள்

கப்பல் நிறுவனத்தின் பயண ஒப்பந்தத்தில், துறைமுகத்தை மாற்றவோ விடவோ தங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு இழப்பீடு இல்லை என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். திரும்பக் கிடைப்பது பொதுவாக விடுபட்ட துறைமுகத்தின் வரியும் கட்டணமும், கப்பல் வழியாகப் பதிவு செய்த சுற்றுலாவின் பணமும் மட்டுமே. கேபின் வாடகையில் ஒரு நாள் பங்கு திரும்ப வராது. இதைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுவது வேறு, ஏமாந்தோம் என்று பிறகு நினைப்பது வேறு.

ஏஜெண்டிடம் நேராகக் கேளுங்கள்: “ஏனுங்க, கப்பல்காரங்க துறைமுகத்த மாத்தீட்டா போர்ட் சார்ஜ் எவ்வளவு திரும்ப வரும்ங்க? உங்க கைக்கு வருமா, எங்க கார்டுக்கே வருமா? ஏறுற எடமே மாறீட்டா விமான டிக்கெட்டுக்கு யாருங்க பொறுப்பு?” பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்ன “அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க” எந்த நுகர்வோர் ஆணையத்திலும் நிரூபிப்பது கடினம். பில்லில் கேபின் கட்டணம், துறைமுக வரி, டிப்ஸ் மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை மட்டும் போட்டுத் தந்தால், எவ்வளவு திரும்ப வரவேண்டும் என்று பிறகு நிரூபிக்க வழியில்லை.

3. விசா: அட்டவணையில் இல்லாத துறைமுகத்தையும் நினைத்து எடுங்கள்

வெளிநாட்டு வழிகாட்டிகள் விசாவை இரண்டு வரியில் முடித்துவிடும். நமக்கு இதுதான் முதுகெலும்பு.

முதலில் நுழைவு எண்ணிக்கை. கப்பலில் ஒரு நாட்டை விட்டு வெளியேறி, அதே நாட்டுக்குத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் போய், சிங்கப்பூரில் இறங்கும் பயணத்துக்கு, மீண்டும் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். கிரீஸில் ஏறி, துருக்கியின் குஷாதாசியைத் தொட்டு, கிரீஸுக்குத் திரும்பினால் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) மல்டிபிள் என்ட்ரியாக, அதாவது பலமுறை நுழைய அனுமதிப்பதாக, இருக்க வேண்டும். அட்டவணை முழுவதும் ஷெங்கன் நாடுகளே என்றாலும் மல்டிபிள் என்ட்ரி கேட்டே விண்ணப்பியுங்கள். காரணம், மாற்றுத் துறைமுகமாக ஷெங்கனுக்கு வெளியே உள்ள ஓர் ஊர் வந்துவிட்டால், சிங்கிள் என்ட்ரி வைத்திருப்பவர் திரும்பி உள்ளே வரும்போது மாட்டிக்கொள்வார்.

அடுத்து நாட்கள். விண்ணப்பத்தில் கப்பல் தேதிகளை மட்டும் போடாதீர்கள். முன்னும் பின்னும் தங்கும் நாட்களைச் சேர்த்து, அதற்கான ஓட்டல் பதிவையும் வைத்து விண்ணப்பியுங்கள். கப்பல் ஒரு நாள் தாமதமாகக் கரை சேர்ந்தாலும் விசா உயிரோடு இருக்க வேண்டும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்து நாடுகள். உங்கள் பாதையின் இருபுறமும் உள்ள நாடுகளை வரைபடத்தில் பாருங்கள். மாற்றுத் துறைமுகம் பெரும்பாலும் ஓர் இரவுப் பயணத் தூரத்துக்குள்தான் இருக்கும், ஆகவே இரண்டு மூன்று நாடுகளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அவற்றில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எது விசா இல்லாமல், எது இ-விசாவில், எது தூதரக விசாவில் என்று குறித்து வையுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் மறுபடி சரிபாருங்கள். மலேசியாவும் தாய்லாந்தும் இணையவழி வருகைப் படிவம் கேட்கின்றன. தேதி மாறினால் படிவத்தையும் திருத்த வேண்டியிருக்கும், அதைக் கப்பலில் கேட்டுச் செய்யுங்கள்.

விசா இல்லாவிட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கப்பலிலேயே இருக்கச் சொல்வார்கள். சில நாடுகள் கப்பலை விட்டு இறங்காதவரிடமும் விசா கேட்கும். அப்படிப்பட்ட துறைமுகம் மாற்றாக வந்தால், கப்பல் நிறுவனம்தான் குடிநுழைவுத் துறையுடன் பேசி ஏற்பாடு செய்யும். நீங்கள் செய்ய வேண்டியது அறிவிப்பு வந்ததும் உங்கள் பெயரைக் கப்பலின் பயணிகள் சேவைக் கவுண்டரில் பதிவு செய்வது.

லட்சத்தீவு உள்நாடுதான், ஆனால் அங்கே இந்தியருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். தீவு மாறினால் அனுமதியும் மாறுமா என்பதைப் பதிவின்போதே கேட்டுவிடுங்கள். அரசு அனுமதி என்பது கற்பனைக் காரணம் அல்ல: 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய சொகுசுக் கப்பலைப் புதுச்சேரி அரசு அனுமதிக்காததால், பயணிகள் அங்கே இறங்க முடியவில்லை.

4. ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள்

கப்பல் காத்திருக்காது. செக்-இன், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே மூடிவிடும். தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. அதற்கு விசாவும் வேண்டும், கப்பலின் அனுமதியும் வேண்டும். அந்தத் துறைமுகமே விடுபட்டால் இரண்டும் இருந்தும் பயனில்லை.

கோவையிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 500 கி.மீ. கப்பல் ஏறும் நாளின் காலை ரயிலை நம்பாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை விமான நிலையம் மூடப்பட்டது, ரயில்கள் பல ரத்தாயின. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் விமான நிலையம் மூடப்பட்டது. புயல் கடலில் துறைமுகத்தை மாற்றும் அதே நாளில்தான் கரையில் உங்கள் ரயிலையும் நிறுத்தும். கொச்சிக்கு வாளையார் வழியாக 190 கி.மீ.தான் என்றாலும் முந்தின நாள் மாலையே போய்விடுவது நல்லது.

திரும்பும் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். கப்பல் காலை 7 மணிக்குக் கரை சேர்கிறது என்று பகல் 11 மணி விமானம் போடுகிறவர்கள் ஏராளம். சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேரடி விமானங்கள் குறைவு. தவறினால் திருச்சி, சென்னை, கொச்சி வழியாக வர வேண்டியிருக்கும், அன்றைய விலையில். இரவு விமானமோ மறுநாள் விமானமோ எடுங்கள். தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட்டுக்குச் சில ஆயிரம் கூடினாலும் அது வீண்செலவு அல்ல.

5. கரைச் சுற்றுலா: எதைக் கப்பலில், எதை வெளியில்?

கப்பல் வழியாகப் பதிவு செய்தால் விலை அதிகம், ஆனால் துறைமுகம் விடுபட்டால் பணம் தானாகத் திரும்பும். வெளி நிறுவனத்தில் விலை குறைவு, ஆனால் ரத்து விதி அவர்கள் கையில். ஆகவே டெண்டர் துறைமுகத்துக்கும் தொலைவான நகரத்துக்கும் கப்பல் வழியாகவே பதிவு செய்யுங்கள். கரையிலேயே ஊர் இருக்கும் பினாங்கு போன்ற இடத்தில் பதிவே தேவையில்லை, இறங்கி நடக்கலாம்.

வெளியில் பதிவு செய்தால் விதியில் ஒரே ஒரு வாசகத்தைத் தேடுங்கள்: கப்பல் வராவிட்டால் முழுப் பணம் திரும்பும் என்று இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் இலவசம் என்பது மட்டும் போதாது. துறைமுக மாற்றம் பெரும்பாலும் முந்தின இரவோ அன்று காலையோதான் தெரியும். 24 மணி நேரம் அதற்குள் கடந்துவிட்டிருக்கும். பதிவில் கப்பலின் பெயரையும் குறிப்பிடுங்கள், அப்போதுதான் கப்பல் வரவில்லை என்பதை அவர்களே சரிபார்க்க முடியும்.

6. காப்பீடும் கைப்பையும்

பயணக் காப்பீட்டில் துறைமுகம் விடுபட்டதற்கு இழப்பீடு என்ற பிரிவு இருக்கிறதா என்று பாலிசி வாசகத்தில் தேடுங்கள். சுருக்கத் துண்டறிக்கையில் தேடாதீர்கள். இல்லையென்றால் பயணத் தடங்கல், இணைப்பு விமானம் தவறுதல் ஆகிய பிரிவுகளாவது குரூஸுக்கும் பொருந்துமா என்று மெயிலில் கேட்டு வையுங்கள். அட்டவணையின் பக்கத்து நாடுகளும் பாலிசியின் எல்லைக்குள் வர வேண்டும்.

கைப்பையில்: நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரைகள், மருத்துவர் சீட்டு, விசா, டிக்கெட், பாலிசி, பில் எல்லாவற்றின் அச்சுப்படி, முன்பதிவு நாளில் இருந்த பழைய அட்டவணையின் அச்சுப்படி. கடைசியானது முக்கியம். செயலியில் அட்டவணையைப் புதுப்பித்துவிடுவார்கள். எது மாறியது என்று காட்ட உங்களிடம் சான்று வேண்டும்.

7. கிளம்பும் முன்பே மாற்ற மெயில் வந்தால்

ஏமனின் ஹவுதி படையினர் கப்பல்களைத் தாக்கியதால் செங்கடல் பாதையில் 2023 இறுதியிலிருந்து நடந்தது போல, சில மாற்றங்கள் மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படும். மெயிலில் பதில் தர ஒரு கடைசித் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில நேரம் ரத்து செய்யவோ வேறு தேதிக்கு மாறவோ வாய்ப்புத் தருவார்கள், குறுகிய காலத்துக்கு மட்டும். மெயில் உங்களுக்கு வராமல் ஏஜெண்டுக்கு மட்டும் போயிருக்கலாம். மாதம் ஒருமுறை கப்பல் செயலியில் உங்கள் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு வரிசை இது: விசா, விமானம், ஓட்டல், கரைச் சுற்றுலா. விசா கிடைக்க நாளாகும் என்பதால் அது முதலில். பலர் முதலில் சுற்றுலாவை ரத்து செய்துவிட்டு, விசாவுக்கு நேரம் போதாமல் நிற்கிறார்கள்.

8. கப்பலில் அறிவிப்பு வந்த முதல் அரை மணி நேரம்

கேப்டனின் அறிவிப்பு வேகமாக ஓடும், ஆங்கிலம் பழகியவருக்கே சில சொற்கள் நழுவும். கேட்டவுடன் கவுண்டருக்கு ஓடாதீர்கள். அங்கே அடுத்த ஒரு மணி நேரம் வரிசை நீளும். இப்படிச் செய்யுங்கள்:

முதலில் கப்பல் செயலியிலோ கேபின் டிவியிலோ புதிய நேரங்களைப் பார்த்துப் படம் எடுங்கள்: வந்து சேரும் நேரம், திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம்.

இரண்டாவது, வெளியில் பதிவு செய்த சுற்றுலாவுக்குச் செய்தி அனுப்புங்கள். இது நிமிடக் கணக்கு; அறிவிப்பு நேரத்தோடு எழுத்தில் போனால் பணம் திரும்ப வாய்ப்பு அதிகம். ஃபோனை ஃப்ளைட் மோடில் வைத்தே கப்பல் வைஃபையில் அனுப்புங்கள். கடலில் கப்பலின் மொபைல் நெட்வொர்க்கில் போன் ஒட்டிக்கொண்டால் பில் பல ஆயிரத்தைத் தொடும்.

மூன்றாவது, புதிய துறைமுகத்தின் சுற்றுலாப் பட்டியல் செயலியில் திறந்திருந்தால் உடனே பதியுங்கள். இருக்கை குறைவு, முன்னே வருகிறவருக்குத்தான் கிடைக்கும்.

நான்காவதாகத்தான் கவுண்டர், அதுவும் விசாக் கேள்விக்காக மட்டும். ஆசியப் பயணங்களில் பாஸ்போர்ட்டைக் கப்பலே வாங்கி வைத்திருக்கலாம். எங்கே, எப்போது திரும்பத் தருவார்கள் என்றும் அங்கேயே கேளுங்கள். கவுண்டரில் இருப்பவரிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம். முடிவு அவருடையது அல்ல, ஆனால் உங்கள் விசாப் பிரச்சினையைத் தீர்க்கப் போகிறவர் அவர்தான்.

9. புதிய துறைமுகத்தில் இறங்கும்போது

கப்பல் நேரம் என்பதும் ஊர் நேரம் என்பதும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். சிங்கப்பூருக்கும் புக்கெட்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், புக்கெட் நேரம் காட்டும் ஃபோனை நம்பிப் போகிறவர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். கப்பல் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாத ஊரில் தூரத்தை முதலில் கணக்கிடுங்கள். நிற்கும் நேரத்திலிருந்து இறங்கவும் ஏறவும் இரண்டு மணி நேரத்தைக் கழியுங்கள். மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாலையில் போகும் என்றால் தொலைவான இடத்தை விட்டுவிடுங்கள். துறைமுகத்தை ஒட்டிய சந்தையும் கோயிலும் போதும். டாக்ஸியில் போய்வரும் முழு வாடகையைப் பேசி, திரும்பி வந்த பிறகு பணம் கொடுங்கள். சுற்றுலாவைக் கப்பல் வழியாகப் பதிந்திருந்தால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும் அல்லது அடுத்த ஊருக்கு அவர்களே சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவருக்கு அது இல்லை.

10. அந்த நாள் முழுவதும் கடலிலேயே கழிந்தால்

எல்லோரும் ஒரே நேரத்தில் கப்பலுக்குள் இருப்பதால் இடம் நெருங்கும். காட்சிகளுக்கும் குழந்தைகள் கிளப்புக்கும் உடனே பதியுங்கள். மதிய உணவுக்கு 11:30க்கே போங்கள். சைவ உணவுப் பகுதி சிறியதாக இருந்தால் ஒரு மணிக்குள் குறைந்துவிடும். துறைமுகம் விடுபடும் நாளில் பெரும்பாலும் கடலும் ஆடும், ஆகவே வாந்தி மாத்திரையைக் குமட்டல் தொடங்கும் முன்பே போடுங்கள், தொடங்கிய பிறகு அவ்வளவாக வேலை செய்யாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு.

11. திரும்ப வரவேண்டிய பணம்

துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் கப்பல் கணக்கில் கிரெடிட்டாக விழும். அதில் இரண்டு வகை: மிஞ்சினால் கார்டுக்குத் திரும்புவது, செலவழிக்காவிட்டால் கடைசி இரவில் காலாவதியாவது. எந்த வகை என்று கவுண்டரில் கேட்டு, இரண்டாவது என்றால் டிப்ஸ் கணக்கிலோ கடையிலோ முன்பே கழியுங்கள். இறங்கும் முன் கணக்கு அறிக்கையை அச்சிட்டு வாங்குங்கள். டாலரில் பிடித்தது டாலரில் திரும்பும். ரூபாயில் பார்த்தால் தொகை சற்று மாறுவது மாற்று விகிதத்தால், மோசடி அல்ல.

ஊர் திரும்பி ஒரு மாதத்தில் பணம் வராவிட்டால், ஏஜெண்டுக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் ஒரே மெயில் அனுப்புங்கள்: பதிவு எண், விடுபட்ட துறைமுகம், தேதி, பில்லில் உள்ள கட்டணம், பழைய அட்டவணை, அறிவிப்பின் படம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் கோவையிலோ ஈரோட்டிலோ போதும். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

வழக்கின் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். புயலால் துறைமுகம் விடுபட்டது என்று மட்டும் போனால் ஒப்பந்தம் அவர்கள் பக்கம் நிற்கும். மாற்றம் தெரிந்தும் ஏஜெண்டு மறைத்தார், திரும்பி வந்த கட்டணத்தைத் தராமல் வைத்துக்கொண்டார் என்பவைதான் நிற்கக்கூடிய புகார்கள்.

12. குழுவாகப் போகும்போது

டீலர் சந்திப்பு, அறுபதாம் கல்யாணம், ரோட்டரி குடும்பச் சுற்றுலா என்று நாற்பது ஐம்பது பேராகப் போகிறவர்கள் இங்கே அதிகம். மாற்ற நாளில் கவுண்டருக்கு ஒருவரை மட்டும் அனுப்புங்கள். ஐந்து பேர் போய் ஐந்து விதமாகக் கேட்டு வந்தால் குழு குழம்பும். அவர் கையில் எல்லோருடைய பெயர், கேபின் எண், பாஸ்போர்ட் எண், விசா நுழைவு வகை கொண்ட ஒரே தாள் இருக்க வேண்டும். கடலில் வாட்ஸ்அப் எல்லோருக்கும் வேலை செய்யாது, ஆகவே கூடும் இடமும் நேரமும் முதல் நாளே முடிவாகட்டும்: ஏதாவது அறிவிப்பு வந்தால் அரை மணி நேரத்தில் ஐந்தாம் தளத்து லிஃப்ட் அருகே, என்பதைப் போல. சடங்கையோ விருதளிப்பையோ துறைமுகத்து ஓட்டல் மண்டபத்தில் வைக்காமல், கப்பலுக்குள் கடல்நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையும் தாலியும் பெட்டியில் இல்லாமல் கேபின் கைப்பையிலேயே வரட்டும்.